முறையில்லாத நாளில் மூன்று மடவை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனிதான் வியர்க்கும். எங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும். வியர்வையைப் பார்த்ததும் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். போன வருஷம் சித்திரையில் வியர்க்க ஆரம்பித்த மூக்கு ஐப்பசி அமாவாசை வரைக்கும் காயவே இல்லை. ஆரம்பித்து வைத்தது ஒரு நாய். ஆனால் நாயைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அது பசிக்குத் தின்றது. மனுஷர்கள் செய்ததைத்தான் சொல்ல வேண்டும்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் நான் அங்கன்வாடி டீச்சர். பிறந்தது எளாவூர்ப் பக்கம். என் அப்பா, எங்கள் பக்கம் அப்பாக்களை நைனா என்றுதான் கூப்பிடுவோம், செக்போஸ்ட் கிட்டே டீக்கடை வைத்திருந்தார். நாங்களும் மீன்பிடிக்கிற ஜனம்தான், ஆனால் வலையை விட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டிருந்தது. அதனால் கல்யாணமாகி இங்கே வந்தபோது ஏரியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. இருபது வருஷம் ஆன பிறகும் பாதிதான் தெரியும். மீதிப் பாதி ஆம்பளைகள் சமாசாரம், அதை யாரும் நமக்கு உட்காரவைத்துச் சொல்வதில்லை.

தெரிந்த பாதியில் முக்கியமானது பாடு. எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த இடத்தில் எந்த நாளில் எந்த ஊர், அந்த ஊரில் எந்த வீடு என்று முறை இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை கோயில் பக்கத்துக் கொட்டகையில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். கல்யாணமான ஆம்பளைக்கு ஒரு பங்கு. பெண்களுக்குப் பங்கும் கிடையாது, கொட்டகைக்குள் கால் வைக்கவும் கூடாது. முறை இல்லாத நாளில் அடுத்தவன் பாட்டில் வலையை நனைத்தால் கூட்டம் கூடும், நம் முறையைப் பிடுங்கிவிடுவார்கள்.

என் வீட்டுக்காரருக்குச் சீட்டில் ராசியே கிடையாது. இருபது வருஷமும் சேறுதான் விழுந்தது. முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்க நின்றாலும் கூடை நிறையாத இடங்கள். போன சித்திரையில் மட்டும் மனுஷன் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"மே! மொகத்துவாரம் மே! ஐப்பசி அமாவாச!"

ஏரி கடலோடு சேருகிற வாய் அது. மழைத் தண்ணீர் இறங்கும்போது ஏரியில் வளர்ந்த இறாலெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்கு ஓடும். ஐப்பசி அமாவாசையில் அங்கே வலை கட்டுகிறவனுக்கு அந்த வருஷம் கவலை இல்லை. எங்கள் மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்சிங் சேரவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள். ஐப்பசி வரைக்கும் இடம் வைத்திருக்கிறோம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அவ்வளவு பொருத்தமாக வந்து விழுந்தது அந்தச் சீட்டு. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அழுதோம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் மகள் ஆரம்பித்தாள். எனக்கு அங்கன்வாடி கோடை லீவு விட்டிருந்தார்கள்.

"யம்மா, நீயும் நைனாவும் ஒரு நாளு பீச்சுக்குப் போயிட்டு வாங்களேன். எங்கெங்கயோ இருந்து ஜோடி ஜோடியா நம்ம ஊருக்கு வந்து போட்டோ எடுத்துகினு போறாங்க. நீங்க எதிர்ல இருந்துகினு ஒரு நாளாவது போயி குந்திகினு வந்துருக்கீங்களா?"

போனதில்லை. கடல் எங்களுக்கு எதிரில்தான் இருக்கிறது. ஏரியைத் தாண்டினால் மணல் திட்டு, திட்டுக்கு அந்தப் பக்கம் கடல். செத்தவர்களுக்குக் காரியம் செய்யப் போயிருக்கிறேன், புயலுக்கு மறுநாள் அடித்துப் போன படகைத் தேடப் போயிருக்கிறேன். சும்மா உட்கார ஒரு நாளும் போனதில்லை.

சரி, போகலாம் என்றேன். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டேன். அன்றைக்கு மீன் கிடையாது. மீன் எனக்குச் சாப்பாடு இல்லை, வேலை. இருபது வருஷமாகச் செதில் தேய்த்த கை இது. பவுடர் போட்டாலும் போகாது அந்த வாடை. லீவு என்றால் லீவாக இருக்கட்டும் என்று காலையிலேயே பாய் கடைக்குப் போய்க் கோழி வாங்கினேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா டீச்சர், ஏரிய வூட்டு வாசல்ல வெச்சிகினு கோழியா?"

"ஆமா பாய். இன்னிக்கு நானும் டூரிஸ்டு."

மசாலாவை வீட்டிலேயே அரைத்து எடுத்துக்கொண்டேன். பட்டை, சோம்பு, கசகசா, தேங்காய். கோழியை மஞ்சள் தடவி ஒரு தூக்குவாளியில் போட்டு மூடினேன். அரிசி, சட்டி, தண்ணீர்க் குடம், உப்பு மிளகாய்த் தூளோடு தின்ன ரெண்டு மாங்காய். எங்கள் ஃபைபர் படகில் ஏற்றிக்கொண்டு போனோம். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்து கிரேன்கள் வெயிலில் மங்கலாகத் தெரிந்தன. என் வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார். படகில் புதுச் சட்டையோடு அவரை நான் பார்த்ததே இல்லை, சிரிப்பு வந்தது.

திட்டில் இறங்கி, சவுக்கு நிழலில் பாயை விரித்தேன். மனுஷனுக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்துக் குந்திக்கொண்டார்.

"இப்படித் திரும்பு. கடலப் பாக்கத்தான வந்தோம்?"

"அந்தாண்ட காத்து மாறுது பாரு மே."

"காத்து மாறினா மாறிட்டுப் போவுது. உன்ன இன்னிக்கு யாரும் வேலைக்குக் கூப்புடல."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கடலில் விட்டேன். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நானும் இறங்கினேன். முதல் அலையில் அவர் வாயெல்லாம் உப்புத் தண்ணீர். தினமும் தண்ணீரிலேயே கிடக்கிற ஆள், ஆனால் வேலைக்கு இல்லாமல் கடலில் இறங்கினது சின்ன வயசுக்கு அப்புறம் அன்றைக்குத்தானாம். அப்படிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என் மேல் தண்ணீர் இறைத்தார். நாற்பது தாண்டிய ரெண்டு பேரும் குழந்தைகள் மாதிரி கத்தினோம். கேட்க ஆள் இல்லை. போனில் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் யாராலும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. மற்றதைத்தான் பிடுங்கிவிட்டார்களே.

பசி வந்ததும் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தேன். சோறு வடித்தேன். சட்டியில் எண்ணெய் ஊற்றி வெங்காயம் தக்காளி வதக்கி, அரைத்த மசாலாவைக் கரைத்து ஊற்றிவிட்டு, கோழியை எடுக்கத் திரும்பினால் தூக்கு இல்லை. ஐம்பதடி தள்ளி ஒரு செவலை நாய் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு விருந்து சாப்பிடுகிறது. கரண்டியோடு ஓடினேன். அது தூக்கின் வளையத்தைக் கவ்விக்கொண்டு இன்னும் ஐம்பதடி போய் நின்று மறுபடியும் சாப்பிட்டது. மணலில் எவ்வளவு தூரம் ஓட முடியும்? மூச்சிரைக்கத் திரும்பி வந்தால் இவர் பாயில் உருண்டு உருண்டு சிரிக்கிறார்.

"சிரிக்காதய்யா! வயிறு எரியுது எனக்கு. சட்டி கொதிக்கிது, இன்னாத்தப் போட? உன் தலையவா?"

"வெறும் கொழம்ப ஊத்திக்கலாம் மே. உன் கை மசாலா நல்லாத்தான் இருக்கும்."

"இருவது வருஷத்துல ஒரு நாளு. ஒரே ஒரு நாளு. மசாலாவ நக்கிட்டுப் போவத்தான் வந்தேனா? ஏரிக்கார ஆம்பளன்னு பேரு வேற. போயி ரெண்டு மீனு புடிச்சிகினு வாயேன்!"

சிரிப்பு நின்றுவிட்டது. "இன்னிக்கு நம்ம மொற இல்ல மே. அடுத்த ஊரு மொற."

"ரெண்டு மீனுக்கு இன்னா மொறையும் மண்ணாங்கட்டியும்? சட்டிக்குக் கேக்கறேன்யா, சந்தைக்கா கேக்கறேன்? துப்பு இல்லன்னு சொல்லு, வுட்டுடறேன்."

இதை நான்தான் சொன்னேன். வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. மீனே வேண்டாம் என்று கோழி வாங்கிக்கொண்டு போனவள், மூக்கு வியர்க்க நின்றுகொண்டு மீனைக் கேட்டேன். அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். படகில் பலகைக்கு அடியில் வீச்சு வலை எப்போதும் கிடக்கும். எடுத்துக்கொண்டு முகத்துவாரத்து ஓரமாக ஏரிப் பக்கம் இறங்கினார். மூன்று வீச்சு, மூன்று மடவை. உள்ளங்கைக்கு மேலே ஒரு சாண் இருக்கும் ஒவ்வொன்றும், துள்ளத் துள்ளக் கொண்டுவந்து போட்டார்.

கோழி மசாலாவில் மடவை மீன். புளி எடுத்துப் போகவில்லை, மாங்காயைக் கீறிப் போட்டேன். எப்படி வருமோ என்று பயந்துகொண்டேதான் இறக்கினேன். சோம்பு வாசனையும் மாங்காய்ப் புளிப்பும் பச்சை மீனும் சேர்ந்து அப்படி ஒரு குழம்பு. ஒரு சோற்றுப் பருக்கை கீழே சிந்தாமல் சாப்பிட்டார் அவர்.

அப்போதுதான் ஏரிப் பக்கம் ஒரு படகு வந்து ஒதுங்கியது. அன்றைய முறைக்காரர்கள். அடுத்த ஊர் ஆட்கள் மூன்று பேர். அவர்களில் மூத்தவரை இவர் மச்சான் என்று கூப்பிடுவார், நான் அண்ணே என்பேன். சொந்தம் இல்லை, பழக்கம். ரெண்டு ஊருக்கும் ஒரே அங்கன்வாடி என்பதால் அவர் பேத்தியும் என்னிடம்தான் படிக்கிறாள். மற்ற ரெண்டு பேரும் படகிலேயே நிற்க, அவர் மட்டும் குடிக்கத் தண்ணீர் கேட்டு இறங்கி வந்தார். காயப் போட்டிருந்த வலையைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார்.

"ஒரு வாய் சாப்ட்டுப் போங்கண்ணே," என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உட்கார்ந்து சாப்பிட்டார். "மடவைல கோழி வாசன வருதே தங்கச்சி?"

"அத்த ஏண்ணே கேக்கறீங்க. கோழிய நாய் தூக்கிகினு போயிடுச்சி. சட்டி அடுப்புல கொதிக்கிது. நான்தான் இவர வெரட்டி வுட்டேன், ரெண்டு மீனு புடிச்சிகினு வான்னு."

அவர் எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு, "நல்லா இருந்துச்சிம்மா," என்று படகேறிப் போனார்.

மறுநாள் காலையில் ஆள் வந்து சொன்னான், கொட்டகையில் கூட்டம் என்று. ரெண்டு ஊர்ப் பெரியவர்களும் வந்திருந்தார்கள். பிராது கொடுத்தது யார் என்று பார்த்தால் அதே அண்ணன்தான். குழம்பு தின்ற கை இன்னும் மணக்கும், அதற்குள்! நாங்கள் பெண்கள் நாலைந்து பேர் கைப்பம்பு பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடல் காற்றில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. அண்ணன் எழுந்து நின்று என்னவோ கேட்பது தெரிந்தது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டே இல்லை இல்லை என்று ஆட்டுவது தெரிந்தது. மறுபடியும் அண்ணன் கேட்டார். மறுபடியும் தலை ஆடியது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

இவர் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். "எடுத்துட்டாங்க."

"மொகத்துவாரமா?"

"ம். வேற வூட்டுக்குக் குடுத்துட்டாங்க. நம்ம பேரு கடைசிக்குப் போயிடுச்சி."

"நீ இன்னா சொன்ன?"

"போட்டேன்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது?"

"நான் கேட்டுத்தான் போட்டன்னு சொல்லலியா?"

"அத்த எதுக்குச் சொல்லிகினு," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் உடைந்துபோனேன். என் வாயால் கெட்டது, அதை ஒரு வார்த்தை சொல்லாமல் தன் தலையில் போட்டுக்கொண்டாரே என்று. இப்படி ஒரு மனுஷனையா துப்பு இல்லாதவன் என்றேன்? அன்றிலிருந்து அவரிடம் நான் குரலை உயர்த்தவில்லை. ஆறு மாசம்! என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். அவருக்குப் பிடித்த நண்டுத் தொக்கு, இறால் வடை, நெத்திலி வறுவல் என்று தினம் ஒன்று செய்து தட்டில் வைத்தேன். அவரும் சாப்பிட்டார். ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மொத்தக் கோபத்தையும் அந்த அண்ணன் மேல் திருப்பினேன். ரேஷன் கடை வரிசையில், படகுத் துறையில், தண்ணீர்க் குழாயில், எங்கே நாலு பேர் நின்றாலும் ஆரம்பித்துவிடுவேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணினவன். என் சட்டியில் கையை விட்டுத் தின்றுவிட்டு என் வீட்டில் மண்ணை அள்ளிப் போட்டவன். அவர் எதிரில் வந்தால் காறித் துப்பிவிட்டு நடப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துத் திட்டுவேன். பேத்தி மேல் காட்டவில்லை, அது குழந்தை. அவளைக் கூட்டிப் போக வருகிற அண்ணியிடம் காட்டினேன். முகம் கொடுத்துப் பேசியதில்லை.

மகள் பொன்னேரியில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். "ஒரு வருஷந்தானம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றாள். அந்தக் கடையில் விற்கிற பெண்கள் உட்காரக் கூடாதாம். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது கால் வீங்கியிருக்கும். வெந்நீரில் உப்புப் போட்டு அவள் காலை அமுக்கிக்கொண்டே அந்த அண்ணனைச் சபிப்பேன். அவள், "வுடும்மா, பீச்சுக்குப் போகச் சொன்னதே நான்தான்," என்பாள். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

ஐப்பசி அமாவாசை வந்தது. நல்ல மழை பெய்து ஏரி நிறைந்திருந்தது. முகத்துவாரத்தில் யாரோ வலை கட்டினார்கள். இறால் கொட்டுகிறது, கூடை போதவில்லை என்று காலையிலிருந்து ஊரே அதே பேச்சு. என் அங்கன்வாடிக் குழந்தைகள்கூட எறா எறா என்று கத்திக்கொண்டு ஓடின. மத்தியானம் பேத்தியைக் கூட்டிப் போக அண்ணி வந்து நின்றாள். அன்றைக்கு நான் வாயை அடக்குகிற நிலைமையில் இல்லை.

"இன்னா அண்ணி, மொகத்துவாரத்துல எறா கொட்டுதாமே? உங்க வூட்டுக்காரருக்கு வயிறு குளுந்துச்சா?"

அண்ணி சாது. ஆறு மாசமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு போனவள். அன்றைக்குச் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டாள்.

"போதும், வாய மூடுடி! போனா போவுதுன்னு பாத்தா ஏறிகினே போற. படகுல இருந்த ரெண்டு பேரும் வலைய பாத்துட்டாங்க. எம் புருஷன் சொல்லலன்னா, மறைச்சாருன்னு எங்க பாடும் போயிருக்கும். அதனால சொன்னாரு. ஆனா சொல்லிட்டு உம் புருஷன காப்பாத்த எத்தன தபா கேட்டாரு தெரியுமா? மூணு தபா! அடுப்புல சட்டி இருந்துச்சா மச்சான், கறிக்கு யாருனா கேட்டாங்களான்னு மூணு தபா கேட்டாரு. உன் ஆளு மூணு தபாவும் இல்லன்னாரு."

"சட்டி இருந்தா இன்னா?"

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உனக்குத் தெரியாதா? அடுப்புல சட்டி ஏறியிருந்து, பொம்பள கறிக்கு மீனு கேட்டா, ஒரு சட்டிக்குப் புடிக்கறதுக்கு மொற கெடையாது. எங்க பாட்டன் காலத்துல இருந்து அதான் வழக்கம். ஆனா வலைய போட்டவன் வாயால அத்த சொல்லணும். பாத்தவன் சொன்னா செல்லாது. எம் புருஷன் அவரு வாய புடுங்கிப் புடுங்கிப் பாத்தாரு. வரல."

இருபது வருஷம் இந்த ஏரியில் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். இந்த ஒரு வழக்கம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது, சரி. அவருக்கு?

குழந்தைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். வாசலில் குந்திக்கொண்டு பழைய வலைக்குக் கண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் நான் வறுத்து வைத்த நெத்திலித் தட்டு பக்கத்தில் காலியாகக் கிடந்தது.

"சட்டி அடுப்புல இருந்துச்சான்னு கூட்டத்துல கேட்டாங்களா?"

கை நின்றது. தலை நிமிரவில்லை.

"கேட்டாங்களா இல்லியா?"

"கேட்டாங்க."

"கறிக்கு மொற கெடையாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்யா இல்லன்ன? நான்தான் கேட்டேன், உன் காதுல வுழற மாதிரிக் கத்திக் கேட்டேன். ஒரு வார்த்த! ஆமா, எம் பொண்டாட்டி கேட்டான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மொகத்துவாரம் நம்மளுது. இந்நேரம் உம் பொண்ணு காலேஜில இருப்பா!"

அப்போது அவர் சொன்னார். என்னைக் காப்பாற்ற என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அவ்ளோ ஆம்பளைங்க நடுவுல எப்பிடி மே சொல்றது? துப்பு இல்லன்னு பொண்டாட்டி வெரட்டுனா, அதான் போயி வலையப் போட்டேன்னா? ஊரே சிரிச்சிருக்கும்."

ஆறு மாசம். ஆறு மாசம் தொக்கும் வடையும் வறுவலும் செய்து போட்டேன் இந்த மனுஷனுக்கு. ஒரு பாவமும் செய்யாத ஆளைத் தெருத்தெருவாகத் திட்டினேன், காறித் துப்பினேன். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். குப்புற விழுந்தாராம், மீசையில் மண் ஒட்டவில்லையாம். அந்த மீசைக்கு விலையாக என் பிள்ளை பொன்னேரியில் காலையிலிருந்து ராத்திரிவரை நின்றுகொண்டிருக்கிறாள். கோபம் என்று நான் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் கோபமே இல்லை. இதுதான் கோபம். கையில் கிடைத்த தட்டைத் தூக்கி அவர் மேல் எறியத்தான் தோன்றியது. எறியவில்லை. திரும்பி நடந்தேன்.

"தே, எங்க போற?"

கொட்டகையில் ஆம்பளைகள் கூடியிருந்தார்கள். அமாவாசைப் பாட்டில் விழுந்த இறாலை விலை பேச வியாபாரி வந்திருந்தார். பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அண்ணனும் ஒரு ஓரமாக நின்றிருந்தார். நான் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனேன். போகக் கூடாது என்று தெரியும். யாரோ, "யம்மா யம்மா, இன்னாம்மா இது," என்று எழுந்தார்கள். நான் நிற்கவில்லை.

"சித்திரையில நாங்க பீச்சுக்குப் போன அன்னிக்கு அடுப்புல சட்டி இருந்துச்சி. கொழம்பு கொதிச்சிகினு இருந்துச்சி. நான்தான் கறிக்கு மீனு கேட்டேன். துப்பு இருந்தா புடிச்சிகினு வான்னு சொன்னேன். என் பேச்சக் கேட்டுத்தான் என் வூட்டுக்காரர் வலையப் போட்டாரு."

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா மொற போயிருக்காதேம்மா. இப்ப வந்து சொன்னா இன்னா பண்றது? போனது போனதுதான். வருஷா வருஷம் சீட்டு வரும்."

"சீட்டு வரும். எம் பொண்ணுக்கு இந்த வருஷம் திரும்பி வராது," என்றேன். பிறகு அண்ணன் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். "உங்களத் திட்டாத இடமில்லண்ணே. அதுக்கும் சேத்துத்தான் இங்க வந்தேன். தப்பு என்னுது." அவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று.

அதற்குள் பின்னால் எவனோ ஆரம்பித்தான். "அப்ப பொண்டாட்டி வெரட்டித்தான் வலைய தூக்கிகினு ஓடுனாரா மச்சான்?" ஒருத்தன் சிரித்தான். அப்புறம் ரெண்டு பேர். அப்புறம் கொட்டகையே சிரித்தது, பெரியவர்கூட வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் என் பின்னாலேயே ஓடிவந்து கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகம் கறுத்துப் போயிருந்தது. உள்ளே வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"வா மே, போலாம். எல்லாரும் சிரிக்கறாங்க."

"சிரிக்கட்டும்," என்றேன். "அதுக்குத்தான் வந்தேன்."